பச்சை ரப்பர் டயரில் குருண் கல்யாணம்

குளிரைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் எல்லோரும் சிரிக்கிறார்கள். கெடாவில் ஏதையா குளிர் என்கிறார்கள். ஆவணி மாதம் மழை பிடித்துக்கொண்ட பிறகு, சாக்குத் துணியில் தைத்த சட்டையோடு, ஜெராய் மலைக் காற்று முகத்தில் அறைய, பாடாங் மேஹாவிலிருந்து குருண் வரை சைக்கிளில் போய்விட்டு வந்து சிரிக்கட்டும். நான் போயிருக்கிறேன். கொஞ்ச தூரம் மிதித்துக்கொண்டு, மிச்ச தூரம் கேரியரில் தொற்றிக்கொண்டு.

ஜப்பான்காரன் ஆண்ட காலம். நான் கும்பகோணத்துப் பத்தர். கூலிம் கடைத்தெருவில் ஒரு நகைக்கடைப் பட்டறையில் வேலைக்கு வந்தவன். யுத்தம் வருவதற்கு முன்பே முதலாளி ஊருக்குக் கப்பலேறிவிட்டார். கடையும் பட்டறையும் அவருடைய இங்கிலீஷ் சைக்கிளும் என் தலையில் விழுந்தன. நகை செய்ய யாரும் வரவில்லை. இருந்த நகையையே குழி தோண்டிப் புதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓட்டைப் பாத்திரங்களுக்கு ஈயம் பற்றவைத்து வயிற்றைக் கழுவினேன்.

அப்படி இருக்கும்போதுதான் பாக்கியம் வந்தாள். பாடாங் மேஹா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். பின்னாலேயே தம்பி ராசையா, ஈரத் தலையோடு, வெட்கத்தோடு. கல்யாண மாப்பிள்ளை என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"அண்ணே, தாலி செய்யணும். ஆனா இங்க இல்ல. குருண்ல, பொண்ணு வீட்டு வாசல்ல செய்யணும்."

அவர்கள் வம்சத்தில் ஒரு வழக்கம். மாப்பிள்ளை வீட்டுப் பொன்னும் பெண் வீட்டுப் பொன்னும் ஒரே மூசையில் ஒன்றாக உருக வேண்டும். அதுவும் முகூர்த்தத்தன்று காலையில், பெண் வீட்டில், எல்லோரும் பார்க்க. அப்படிச் செய்த தாலிதான் தாலி. பாக்கியம் முந்தானை முடிச்சை அவிழ்த்து, செத்துப்போன அம்மாவின் ஒற்றைத் தோட்டை என் கையில் வைத்தாள். இந்தக் காலத்தில் இதெல்லாம் பார்க்க முடியுமா தங்கச்சி, ஒரு மஞ்சள் துண்டைக் கட்டினால் ஆகாதா என்று கேட்டேன்.

"இந்தக் காலத்துலதாண்ணே பார்க்கணும்" என்றாள்.

அவசரத்தின் காரணத்தை ராசையா சொன்னான். சயாமில் ரயில் ரோடு போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தோட்டத்துக்கு லாரி வரும், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் ஆண்களை நிறுத்தி, இவன் அவன் என்று கை காட்டி ஏற்றிக்கொண்டு போகும். போன தடவை கட்டைப் பிரம்மச்சாரிகளை முதலில் ஏற்றினார்கள், பெண்டாட்டி உள்ளவர்களை விட்டுவிட்டார்கள். அடுத்த தடவையும் அப்படியே செய்வார்களா என்று யாராலும் சொல்ல முடியாது. போனவர்களில் ஒருவன்கூடத் திரும்பவில்லை, கடுதாசியும் இல்லை. ஆவணி கடைசியில் மறுபடி லாரி வரும் என்று பேச்சு. அதற்குள் ராசையா கழுத்தை நீட்டுகிற ஒருத்திக்கு முடிச்சுப் போட்டுவிட வேண்டும்.

பெண் செல்லம்மா ஏற்கெனவே பேசி முடித்தவள்தான். குருணுக்குப் பக்கத்துத் தோட்டம். போகாமல் இருக்க என்னிடம் ஒரு சாக்குகூட இல்லை. ஊதுகுழல், மூசை, குறடு, கொஞ்சம் வெங்காரம் எல்லாவற்றையும் பையில் போட்டு, தோட்டை மடியில் முடிந்துகொண்டு, பலகைக்கு அடியில் ஒளித்துவைத்திருந்த முதலாளியின் சைக்கிளை வெளியே எடுத்தேன்.

பாடாங் மேஹாவில் கல்யாணக் கோஷ்டியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கம் மாப்பிள்ளை வீட்டார் வில்வண்டி கட்டிக்கொண்டு போவார்கள். இங்கே வரிசையாகச் சைக்கிள்கள். ஒன்றில் வாழைத்தாரும் தப்பும், ஒன்றில் அரிசி மூட்டையும் தேங்காயும், ஒன்றில் உயிரோடு ஒரு சேவல். பாக்கியம் தன் புருஷனுடைய கேரியரில். டயர்களைப் பார்த்த பிறகு சிரிப்பு ஆச்சரியமாக மாறியது. கடையில் டயர் விற்று எத்தனையோ காலமாகிறது. இவர்கள் ரப்பர் ஷீட்டை நீளமாக அரிந்து, சக்கர வளையத்தில் இறுக்கிச் சுற்றி, மரக்கட்டையால் அடித்து அடித்து ஒட்டவைத்து, அங்கங்கே பிரம்பால் கட்டியிருந்தார்கள். உள்ளே காற்று என்ற பேச்சே கிடையாது.

செய்தவன் மணியம். ராசையாவின் சோட்டாள், இவனும் பால் வெட்டுகிறவன். அப்பா அம்மா இல்லை, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒண்டி அறை. சேவலை ஏற்றியிருந்தவன் அவன்தான். அவன் செய்த டயர்களில் அவனுடையதுதான் அழகு. வட்டமென்றால் வட்டம், வளையல் மாதிரி.

"பத்தரண்ணே, ராசையாவுக்கு முடிச்சதும் எனக்கும் ஒரு பொண்ணு பாருங்கலா. டயர் நானே கொண்டாறேன்" என்றான், இந்த ஊர் 'லா' போட்டு. எல்லோரும் சிரித்தார்கள். நானும் பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அந்த டயரின் குணம் ஒன்று உண்டு. கம்பெனியில் செய்வது போலக் கந்தகம் போட்டு வேகவைக்காத பச்சை ரப்பர். குளிர்ந்தால் கட்டை. வெயில் ஏறினால் கோந்து. அதனால் இவர்கள் பயணம் போவது விடியற்காலைக் குளிரில், அல்லது கொட்டுகிற மழையில். வெயில் வந்தால் மரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் காத்திருப்பார்கள். நான் மழை நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வந்தேன். என்னைச் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் மழை கொட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தார்கள். சாமி பெரும்பான்மைப் பக்கம் சாய்ந்துவிட்டது.

விடிவதற்குள் கிளம்பினோம். சாரல் என்று ஆரம்பித்தது, ரோட்டுக்கு வருவதற்குள் மழையாகிவிட்டது. சாக்குச் சட்டை நனைந்தால் இரண்டு ஆள் கனம். உடம்போடு ஒட்டி உராய்கிற ஒவ்வொரு இடத்திலும் எரிச்சல், எரியாத இடத்திலெல்லாம் குளிர். விரல் மரத்துப்போய் மணி அடிக்கக்கூட வரவில்லை. எங்கள் ஊரில் ஆவணியில் வெயில் முதுகைப் பிளக்கும், காவிரியில் இறங்கினால் ஏற மனம் வராது. இங்கே ஆவணியில் என் பல் தந்தியடித்தது. முன்னால் மணியம் பாட்டுப் பாடிக்கொண்டு போனான். அவன் சட்டையே போட்டிருக்கவில்லை. முதுகில் மழை வழிந்துகொண்டிருந்தது.

"நடந்தே போயிருக்கலாமே, இதே வேகம்தானே?" என்று பாக்கியத்தின் புருஷனைக் கேட்டேன். உண்மையிலேயே நடைவேகம்தான்.

"போறப்ப நடக்கலாம்ண்ணே. வர்றப்பப் பொண்ண நடத்தியா கூட்டியாறது?"

அப்போதுதான் ராசையாவின் கேரியரைக் கவனித்தேன். எல்லார் வண்டியிலும் மூட்டை முடிச்சு. அவன் கேரியர் மட்டும் காலி. அதில் ஒரு சின்ன மெத்தை கட்டியிருந்தான். மாவுச் சாக்கு உறை, உள்ளே இலவம்பஞ்சு, மழைக்கு மேலே சேம்பு இலை மூடி. செல்லம்மா வருகிற இடமாம். அதில் ஒரு தேங்காயைக்கூட வைக்க விடமாட்டேன் என்கிறான் என்று மணியம் புகார் சொன்னான்.

ஆற்றுப் பாலம் யுத்தத்திலேயே உடைந்துவிட்டதால் சம்பான் படகில்தான் கடக்க வேண்டும். சம்பான்காரர் வயதான மலாய்க்காரர். சைக்கிள்களை ஒவ்வொன்றாக ஏற்றும்போது டயரை அமுக்கிப் பார்த்தார். "இதில் ஏறித்தான் பெண் எடுக்கப் போகிறீர்களா?" என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்றோம். "அப்படியானால் பெண் உங்களைப் பார்த்துத்தான் வருகிறாள், வண்டியைப் பார்த்து இல்லை" என்று சொல்லிவிட்டு, வாழையிலையில் பொதிந்த மரவள்ளிப் பலகாரத்தை மாப்பிள்ளை கையில் கொடுத்தார். தேங்காய்த் துருவலும் பனஞ்சர்க்கரையும் வைத்து வேகவைத்தது, இன்னும் சூடு ஆறவில்லை. ஆளுக்கு ஒரு விள்ளல்தான். அந்தச் சூடு தொண்டையில் இறங்கியதை இன்றைக்கும் சொல்லுவேன்.

சுங்கை பட்டாணிக்கு முன்னால் ஒரு இறக்கம். இறக்கத்தின் அடியில் ஜப்பான் சிப்பாய் காவல். காவலைக் கண்டால் இறங்கி நின்று இடுப்பு வளையக் குனிய வேண்டும், இல்லாவிட்டால் கன்னம் வீங்கும். என் வண்டிக்கு நல்ல பிரேக் உண்டு. ஜோராக நிறுத்தி, இறங்கி, குனிந்தேன். குனிந்த நிலையிலேயே பின்னால் பார்த்தால் கல்யாணக் கோஷ்டி வருகிறது. அவர்களுக்குப் பிரேக் என்பது காலில் கட்டிய தேங்காய் மட்டை. அதைத் தரையில் தேய்த்துத்தான் நிற்க வேண்டும். நனைந்த ரோட்டில் மட்டை வழுக்கியது. வாழைத்தார், தப்பு, சேவல், பாக்கியம் எல்லாம் வரிசையாகச் சிப்பாயைத் தாண்டிப் போய், ஓரத்துப் புல்லில் விழுந்து நின்றன.

எல்லோரும் ஓடிவந்து குனிந்தார்கள். சிப்பாய் மணியத்தின் கன்னத்தில் ஒன்று விட்டான். அப்புறம் சைக்கிளைப் பார்த்தான். டயரைக் கட்டைவிரலால் அமுக்கினான், முகர்ந்தான், பிரம்புக் கட்டுகளை நிமிண்டினான். கூடாரத்துக்குள்ளிருந்த இன்னொருவனைக் கூப்பிட்டுக் காட்ட, இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து முடித்துத் திரும்பியபோது என் வண்டி கண்ணில் பட்டது.

முதலாளி வண்டியின் கதை அத்தோடு முடிந்தது. அதன் ஹாண்டில்பாரை என் கையிலிருந்து மெதுவாக, மரியாதையாகத்தான் வாங்கினான். பதிலுக்கு ஒரு சிகரெட் கொடுத்தான். ஏறி அங்கேயே இரண்டு வட்டம் போட்டான், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி. இத்தனை நாள் எண்ணெய் போட்டு, துணி சுற்றி, பலகைக்கடியில் பிரசவித்தவளைப் போலப் பாதுகாத்த வண்டி. பச்சை ரப்பர் வண்டி ஒன்றைக்கூட அவர்கள் தொடவில்லை. சிகரெட்டை மணியத்திடம் கொடுத்தேன், அடி வாங்கியவன் அவன்தானே.

என்னை எப்படிக் கொண்டு போவது என்று நடுரோட்டில் பஞ்சாயத்து நடந்தது. எல்லாக் கேரியரும் நிறைந்திருந்தன. நான் நடக்கிறேன் என்றேன். ராசையா சேம்பு இலையை விலக்கினான்.

"ஏறுங்கண்ணே."

"வேண்டாம்ப்பா, அது செல்லம்மா இடம்."

"எங்கம்மா தோடு உங்க மடியில இருக்கு. அது வராம செல்லம்மா இதுல எப்படி ஏறும்? ஏறுங்கலா."

கண் கலங்கிவிட்டது எனக்கு, மழையில் யாருக்கும் தெரியவில்லை. ஏறினேன். ஆனால் மெத்தையில் உட்கார மனம் வரவில்லை. அதைக் கழற்றிச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, கேரியர்க் கம்பியில் உட்கார்ந்தேன். காற்றில்லாத டயரில், மெத்தையில்லாத கம்பியில், செம்மண் ரோட்டில் பயணம் எப்படி இருக்கும் என்பதை விவரிக்க மாட்டேன். நெஞ்சு மட்டும் இதமாக இருந்தது.

சுங்கை பட்டாணியில் ஒரு சீனர் காப்பிக்கடை வாசலில் ராத்தங்க இடம் கொடுத்தார். சோளத்தைக் கருக வறுத்துக் காப்பி என்று கொடுத்தார், குடித்தோம். பாக்கியம் கொண்டுவந்திருந்த அவித்த மரவள்ளிக்கு மிளகாயும் பெலாச்சானும் இடித்த சம்பல். பெலாச்சான் என்பது கூனி இறாலை உப்புப் போட்டு இடித்த கட்டி. நான் சுத்த சைவம். ஆனால் உப்பு கிடைக்காத நாட்டில் உப்புக் கரிக்கிற ஒரு பொருளைப் பார்த்தால் கை தானாக நீளுகிறது. சாப்பிட்டேன், இன்னும் கொஞ்சம் கேட்டும் சாப்பிட்டேன்.

மறுநாள் வானம் வெளுத்து, வெயில் காய்ந்தது. எனக்குக் கொண்டாட்டம், அவர்களுக்குத் துக்கம். ஊர் எல்லை தாண்டுவதற்குள் டயர்கள் ரோட்டில் ஒட்டிக்கொண்டு, பிய்ந்து வருகிற சத்தம் கேட்டது. மரத்தடியில் சைக்கிள்களைப் படுக்கவைத்து, ஈரச் சாக்கால் போர்த்திவிட்டுப் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தோம். மறுநாள் காலை முகூர்த்தம். ராசையா வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சாயந்திரம் ஜெராய் மலை மேல் மேகம் கட்டியபோது கிழங்கு வயலில் மழை பார்த்த சம்சாரி மாதிரி எழுந்து நின்றான்.

வந்தது சாதாரண மழை இல்லை. மலையிலிருந்து இறங்கிய காற்று எங்களை ரோட்டோரத்துக்குத் தள்ளியது. பீடோங் பக்கம் ஒரு தோட்டத்துக்குள் ஒதுங்கியபோது எல்லாருக்கும் உதடு நீலமாகியிருந்தது, பாக்கியத்துக்குப் பேச்சே வரவில்லை. அந்தத் தோட்டத்துக் காவல்காரர் எங்களைப் பார்த்ததும் புகைக்கூட்டைத் திறந்துவிட்டார். ரப்பர் ஷீட் உலர்த்துகிற புகைக்கூடுதான். இப்போது அதில் மரவள்ளிச் சில்லு காயப்போட்டிருந்தார்கள். அடியில் நெருப்புக் கனன்றுகொண்டிருந்தது. உள்ளே போனதும் சொர்க்கம் இதுதான் என்று நினைத்தேன்.

"சைக்கிள வெளிய விட்டா செயின் துருப்பிடிச்சிரும்லா. உள்ள கொண்டாங்க" என்றான் மணியம். இரக்கத்தோடு ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவந்து சுவரோரம் நிறுத்தினார்கள். சூட்டில் கண்ணைச் சொருகியது. எல்லோரும் பட்ட இடத்தில் தூங்கிப்போனோம்.

விடியற்காலையில் பாக்கியம் போட்ட கூச்சலில் எழுந்தேன். டயர்கள் அல்வாவாகியிருந்தன. ஒன்று வளையத்திலிருந்து தொங்கியது, ஒன்று சிமெண்டுத் தரையில் தோசை மாதிரி பரவியிருந்தது, சேவல் ஒரு காலை அதில் ஒட்டவைத்துக்கொண்டு கத்தியது. பிறந்ததிலிருந்து ரப்பர்க் காட்டில் இருக்கிறவர்கள், ரப்பர் ஷீட்டை இதே புகைக்கூட்டில் தொங்கவிட்டுக் காயவைக்கிறவர்கள். குளிர் அத்தனை பேர் புத்தியையும் மழுக்கிவிட்டது. மணியம் தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

"நான்தான் உள்ள கொண்டாரச் சொன்னேன். நானே உன் கல்யாணத்தக் கெடுத்துட்டேன்டா."

ராசையா அவனைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் ஒரு சக்கரத்தைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, "எழுந்திரு, ஆத்துக்குப் போவோம்" என்றான்.

புகைக்கூட்டுக்குப் பின்னால் மலையிலிருந்து இறங்குகிற ஓடை. மழைத் தண்ணீர் கால் வைத்தால் வெட்டியது. அதில் இடுப்பளவு இறங்கி நின்று, சக்கரங்களை மூழ்கவைத்து, இளகிய ரப்பரைக் கையால் வளையத்தில் ஏற்றி ஏற்றிப் பிடித்தார்கள். மணியம் மரக்கட்டையால் தண்ணீருக்குள்ளேயே அடித்தான். நடுக்கத்தில் அடி கை மேல் விழுந்தது, நகக்கண்ணில் ரத்தம் கசிந்தது, நிறுத்தவில்லை. பாக்கியமும் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். நான் கரையில் நின்று, சத்தியமாக, கும்பிட்டேன். என் பட்டறையில் பொன்னை உருக்கித் தண்ணீரில் தோய்த்துத்தான் எனக்குப் பழக்கம். ஒரு கல்யாணத்தையே தண்ணீரில் தோய்த்து நிமிர்த்துகிறவர்களை அன்றுதான் பார்த்தேன்.

எல்லாம் ஓரளவு வட்டமாயின. ராசையாவின் பின்சக்கரம் மட்டும் சரிவரவில்லை. ஒரு இடத்தில் புடைப்பு நின்றுவிட்டது. நேரமில்லை என்று அப்படியே மாட்டினான். ஒவ்வொரு சுற்றுக்கும் டொக் என்று ஒரு தூக்கு. அந்த டொக் சரியாக என் கம்பிக்குக் கீழேதான். குருண் வரை எண்ணிக்கொண்டு போகவில்லை, எண்ணியிருந்தால் அழுதிருப்பேன்.

பெண்ணின் தோட்டத்துக்குள் நுழையும்போது பெரட்டு மணி அடித்தது. காலையில் ஆள் கூட்டுகிற அந்த மணி இப்போதெல்லாம் டோக்கியோ நேரப்படிதான் அடிக்கும். நாட்டில் எல்லாக் கடிகாரத்தையும் முன்னால் தள்ளி வைத்துவிட்டார்கள் அல்லவா. பெண்ணின் அப்பா கோயில் கொட்டகை வாசலில் முகம் தொங்கி நின்றார்.

"மணி அடிச்சிருச்சே. முகூர்த்தம் போயிருச்சே சம்பந்தி."

பாக்கியம் கேரியரிலிருந்து குதித்தாள். சேறு முழங்கால் வரை. "பஞ்சாங்கத்த என்ன டோக்கியோவுலயா எழுதினாங்க? நம்ம பழைய நேரத்துக்கு முகூர்த்தம் இன்னும் பொறக்கவே இல்ல. பத்தரண்ணே, நெருப்பப் போடுங்க!"

கொட்டகை முழுக்கச் சிரித்தது, பெண்ணின் அப்பாவும் சிரித்தார். நான் தேங்காய்ச் சிரட்டைக் கரியைப் பற்றவைத்தேன். ஈரக் காற்றில் பிடிக்க மறுத்தது. பெண்கள் சுற்றி நின்று முந்தானையால் காற்றை மறைத்தார்கள். செல்லம்மா வந்து தன் மூக்குத்தியைக் கழற்றிக் கொடுத்தாள். மெலிந்த பெண், கண்ணில் குறும்பு. தோட்டையும் மூக்குத்தியையும் ஒரே மூசையில் போட்டு ஊதினேன். இரண்டும் தனித்தனியாகச் சிவந்து, ஓரம் இளகி, ஒன்றையொன்று தொட்டு, ஒரே சொட்டாகத் திரண்டன. எத்தனையோ தாலி செய்திருக்கிறேன். ஊதுகுழலை எடுத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தது அன்று மட்டும்தான். அரிசியளவு பொட்டுத் தாலி, அவ்வளவுதான் பொன் இருந்தது. ராசையா இரண்டு முடிச்சுப் போட, மூன்றாவதைப் பாக்கியம் போட்டாள். மணியம் வீங்கிய விரலோடு தப்படித்தான்.

அரிசியோடு மரவள்ளியும் கலந்த சோறு, சேவல் குழம்பு, மரவள்ளி மாவில் உருட்டிய ஜவ்வரிசிப் பாயசம். நான் பாயசத்தோடு நிறுத்திக்கொண்டேன் என்று எழுதினால் நம்புவீர்கள் என்று நினைக்கிறேன். பெண் வீட்டார் மணியத்தைப் பிடித்துக்கொண்டார்கள். தைக்கு ஒரு பெண் இருக்கிறது, அடுத்த தோட்டம், பார்க்கிறாயா என்று கேட்டார்கள். அவன் வெட்கப்பட்டதை முதல் முறையாகப் பார்த்தேன்.

மறுநாள் விடியலில், பனி இறங்கியிருக்கும்போதே கிளம்பினார்கள். மெத்தையை நான் கொடுத்தேன். என் நெஞ்சில் காய்ந்த மெத்தை. செல்லம்மா உட்கார்ந்ததும் வண்டி நகர்ந்தது, டொக் என்றது. "இது என்ன?" என்றாள். "புகைக்கூடு" என்றான் ராசையா. அவள் சிரித்த சிரிப்பு பனிக்குள் போய் மறைகிற வரை கேட்டது. எனக்கு இப்போது இடமில்லை. நடந்து வருகிறேன், நீங்கள் போங்கள் என்று அனுப்பிவைத்தேன்.

நடையில் கால் ஓய்ந்தாலும் மனசு நிறைந்திருந்தது. பகலெல்லாம் நல்ல வெயில், அவர்கள் ராத்திரிக் குளிரில்தான் ஓட்டியிருப்பார்கள். ஊரிலிருந்து வந்த நாள் முதல் இந்த வெயிலைத்தான் தேடினேன். இப்போது அந்த டயர்களை நினைத்து மழை வர வேண்டும் என்று கும்பிட்டேன். மறுநாள் சாயந்திரம் அதே சீனர் காப்பிக்கடையில்தான் கேள்விப்பட்டேன். பக்கத்து மேசையில் ஒருவர் மற்றவரிடம் மலாயில் தாழ்ந்த குரலில் சொன்னார்: "பாடாங் மேஹா பக்கம் லாரிகள் போயின. ஆள் நிறைத்துக்கொண்டு வடக்கே போய்விட்டன." காப்பி அப்படியே இருந்தது. எழுந்து ராத்திரியெல்லாம் நடந்தேன்.

தோட்டத்துச் செம்மண் பாதை பிரிகிற இடத்தில் நின்றேன். மழையில் இளகிய மண் வெயிலில் காய்ந்து தடங்கள் அச்சாக நின்றன. ராசையாவின் தடம் யாருக்கும் தெரியும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு குழி. இரண்டு ஆள் கனத்தில் ஆழமாகப் பதிந்திருந்தது. பக்கத்தில் வளைந்து வளைந்து ஒரு அழகான தடம், மணியத்துடையது, புதுப்பெண் பார்க்க வித்தை காட்டிக்கொண்டு வந்திருக்கிறான். இரண்டின் மேலும் லாரிச் சக்கரம் ஏறியிருந்தது. உள்ளே போன தடம், வெளியே வந்த தடம். அப்படியென்றால் இவர்கள் வீடு சேர்ந்த பிறகு லாரி வந்திருக்கிறது. அதற்கு மேல் மண் எதுவும் சொல்லவில்லை.

லயத்தில் சத்தமே இல்லை. ராசையாவின் சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது, பின்சக்கரம் இல்லாமல். பக்கத்தில் மணியத்தின் சைக்கிள், இரண்டு சக்கரமும் இல்லாமல். செல்லம்மா வெளியே வந்தாள்.

"லாரி வந்துச்சாம்மா?"

"நேத்து வந்துச்சுண்ணே. பெரட்டுக்களத்துல எல்லாரையும் நிறுத்தினாங்க. இவரு கல்யாணமாயிருச்சுன்னாரு. எப்பன்னு கேட்டாங்க. இந்த வாரம்னதும் பொய்யின்னு சிரிச்சாங்க. நான் போயிப் பக்கத்துல நின்னேன். கழுத்துல காட்டுன்னாங்க. எடுத்துக் காட்டினேன். கயித்துல மஞ்ச ஈரம் கூடக் காயல. விட்டுட்டாங்க."

தாலியை ஒரு விரலால் தொட்டுக்கொண்டே சொன்னாள்.

"மணியம்?"

அவள் சக்கரமில்லாத அவன் சைக்கிளைப் பார்த்தாள். "அவரு யாரக் காட்டுவாருண்ணே?"

ராசையா ஓடையில் இருந்தான். தொடையளவு தண்ணீரில் நின்றுகொண்டு, மூன்று சக்கரங்களை அடியில் அமுக்கிக் கல் ஏற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான், ஆனால் நிமிரவில்லை.

"வெயில் ஏறிருச்சுண்ணே. வெளிய வெச்சா தொங்கிப்போவும். அவன் வர்றப்ப வட்டமா இருக்கணும்ல. அவன் டயரு."

எத்தனை நாள் இப்படி வைத்திருக்க முடியும்? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் இறங்கினேன். மணியத்தின் சக்கரம் ஒன்று கல்லுக்கு அடங்காமல் ஓட்டத்தில் நழுவியது. அதை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் அப்படிக் குளிர்ந்தது. இன்னும் குளிரட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.